நீங்க முதல்ல போங்க

போன மாதம், நாங்கள் இணையத்தில் கூடிப் பேசும் சர்வரை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. மூடினால் மூடட்டுமே என்கிறீர்களா? எங்களுக்கு இருப்பதே அந்த ஓர் இடம்தான்.

டைப் ஒன் சர்க்கரை உள்ள குழந்தைகளின் பெற்றோர் நாங்கள். என் மகனுக்கும் உண்டு. "கல்யாண வீட்டுல பையன் ஜிலேபி தின்னுபோட்டானுங்க, இப்ப என்ன செய்யட்டும்?" என்று ஒருவர் கேட்டால் பத்துப் பேர் ஓடி வருவோம். குழந்தைக்குச் சர்க்கரை என்று சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாதவர்கள்தான் இங்கே அதிகம். அதனால் யார் போன் நம்பரும் யாரிடமும் இல்லை.

எங்கள் சோஷியல் நெட்வொர்க்குக்குப் பெரிய முதலாளி கிடையாது. ஆளாளுக்குச் சின்ன சர்வர் நடத்துவார்கள்; எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எங்களுடையதை நடத்தியவர் பீளமேட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் அப்பாஸ். அவர் மகளுக்கும் இதேதான். இப்போது குடும்பத்தோடு வெளிநாடு போகிறார்; அதனால்தான் மூடுகிறார்.

சோமனூர் கவிதா, தறிக்குடோன் வேலைக்கு நடுவிலேயே புது சர்வர் தயார் செய்துவிட்டார். பழையதை மூடுவதற்குள் கணக்கை மாற்றினால் நம்மைத் தொடர்கிறவர்களும் கூடவே வந்துவிடுவார்கள். தவறவிட்டால்... யார் எங்கே என்றே தெரியாது.

அப்பாஸ் இதைத் தெளிவாகச் சொன்னார். ஒருவராவது மாறினோமா? ம்ஹூம்!

மூடுவதற்கு முந்தின நாள் அவர் பதறிப்போய் எழுதினார்: "ஏனுங்க, இன்னும் யாரும் போகலீங்களா?"

தாராபுரம் ராஜேஸ்வரி பதில் போட்டார்: "நீங்க இருக்கறப்ப நாங்க எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்குமுங்க? நீங்க முதல்ல போங்க."

கீழே வரிசையாக 'ஆமாங்க'. அதில் என்னுடையதும் ஒன்று.

மரியாதை பார்த்தே ஒரு குழு அழிந்துபோக இருந்தது! வேறு எந்த ஊர்க்காரர்களாவது இப்படி ஒரு தப்பைச் செய்வார்களா? எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது — மறைப்பானேன்?

"சரிங்க, நான் முன்னால போறேன். எல்லாரும் பின்னாலயே வந்துருங்க" என்று அப்பாஸ் மாறினார். சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் மாறிவிட்டோம். ராஜேஸ்வரி மட்டும் அங்கேயே நின்றார். ஒவ்வொரு பெயராகத் தேடி, "கண்ணு, மாறிட்டியா?" என்று விசாரித்து, ஒருவரும் விடுபடவில்லை என்று தெரிந்த பிறகே வந்து சேர்ந்தார்.

மறுநாள் புது இடத்தில் முதல் கேள்வி அப்பாஸிடமிருந்து. இத்தனை வருஷம் எங்களுக்குப் பதில் சொன்னாரே தவிர, அவர் எதையும் கேட்டதில்லை. "பாப்பாவுக்கு முதல் பிளேன் பயணமுங்க. இன்சுலினை எப்படி எடுத்துட்டுப் போறது? பயமா இருக்குதுங்க."

நான் டைப் அடிப்பதற்குள் பதில்கள் வந்து குவிந்துவிட்டன.

எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகட்டும் மனுஷன். எங்களை விட்டுப் போக முடியாது.