கால் வரைந்த நோட்டு

எந்த வயதில் என் கால் எவ்வளவு நீளம் இருந்தது என்று யாராவது கேட்டால் உடனே எடுத்துக் காட்டிவிடுவேன். கேட்கத்தான் ஆளில்லை. ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை மாதத்துக்கு ஒரு கால் வீதம் எங்கள் வீட்டு நோட்டில் இருக்கிறது. எல்லாமே வலது கால். இடது கால் என்ன பாவம் செய்ததோ தெரியாது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அத்தா சூளை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளை உரசி வழவழப்பாக்குவாள். இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, மங்கலம்பேட்டை மாமா ஒருவர் விசா ஏற்பாடு செய்து கொடுக்க, அத்தா துபாய்க்குப் போனார். தம்பி அப்போது அம்மா வயிற்றில் இருந்தான். இரண்டே வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் பிள்ளையின் காலைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கடிதத்தோடு அனுப்புவது வழக்கம். அந்த அளவுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு வருவார்கள். மற்ற வீடுகளில் அது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். எங்கள் வீட்டில் மாதாமாதம் நடந்தது. எனக்கு மூச்சு இளைப்பு உண்டு. குழந்தை வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்று டாக்டர் சொன்னது அத்தாவின் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. போட்டோ எடுத்தால் முகம் சிரித்து ஏமாற்றிவிடும், கால் ஏமாற்றாது என்பது அவர் எண்ணம். என் காலைப் பற்றி அவருக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம்.

அம்மா எதையும் தூக்கிப் போடாத ரகம். அனுப்புகிற தாளுக்கு அடியில் கார்பன் வைத்து, அதற்கும் அடியில் நீள நோட்டை விரித்து வைப்பாள். மேலே என் கால். பென்சில் சுற்றி வந்தால் அத்தாவுக்கு ஒரு கால், நோட்டுக்கு நீல நிறத்தில் ஒரு கால். எதிர்ப்பக்கத்தில் அந்த மாதத்துச் சமாச்சாரங்களை ஒட்டுவாள். தம்பிக்கு முதல் முடி இறக்கியபோது எடுத்த ஒரு கொத்து, என் ரேங்க் கார்டு, பெருநாள் சட்டையில் மிஞ்சிய துணித்துண்டு என்று எது கிடைத்தாலும் சரி. மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவாள். அதைத் தொட்ட கையோடு எதையும் தின்றுவிடக் கூடாது என்று எனக்கு ஒவ்வொரு மாதமும் எச்சரிக்கை உண்டு. பக்கங்களுக்கு நடுவில் வசம்பு. அத்தாவும் அங்கே ஒரு நோட்டு வைத்திருந்தார். அவர் வந்ததும் இரண்டையும் பிரித்து, மாதத்துக்கு மாதம் எதிரெதிராக வைத்து ஒரே புத்தகமாகத் தைப்பது என்று பேச்சு.

வெள்ளிக்கிழமை அந்தி மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் தெருமுனை பூத்துக்கு அத்தாவின் போன் வரும். இரண்டாவது வருஷம் முடிகிற சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா வழக்கத்தைவிட நேரம் கழித்து ரிசீவரை வைத்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று நச்சரித்துக் கேட்டேன்.

"ஒங் காலு நாலு மாசமா ஒரே அளவா இருக்குதாம். புள்ளைக்கு என்னதான் குடுக்குறேன்னு கேக்குறாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வேளையும் என் வாயைப் பிளந்து சோற்றைத் திணிப்பவள் அவள். அவளைப் போய் இப்படிக் கேட்கலாமா? கோபத்தோடு யோசித்ததில் எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கியது. அச்சிலிருந்து எடுக்கும் பொம்மை சூளைக்குப் போனால் சுருங்கும். அதனால்தான் அச்சையே பெரிதாகச் செய்வார்கள். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அத்தா இருக்கிற ஊரோ சூளை மாதிரிக் கொதிக்கிறது என்று அவரே போனில் சொல்லியிருக்கிறார். என் கால் போய்ச் சேருவதற்குள் சுருங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்றுதான் ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த மாதம் அம்மா வரைந்து முடித்து, பசை காய்ச்ச எழுந்து போனாள். அனுப்புகிற தாளை மட்டும் தனியே எடுத்து, கோட்டை ரப்பரால் அழித்து, ஒரு நெல்மணி அகலம் வெளியே தள்ளி வரைந்தேன். மடித்துக் கவரில் வைத்து நானே ஒட்டினேன். பொறுப்பான பிள்ளை என்று அம்மா மெச்சினாள்.

அதற்கப்புறம் வந்த போனில் அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லையாம். கால் வளர்ந்துவிட்டது, பாப்பா தேறிவிட்டாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அம்மா என் காலை ஒருமுறை பார்த்தாள். அவருக்குத் திருப்தியானால் சரி என்று சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் விடாமல் செய்தேன். ஒன்பது வயதில் தாள் சுருங்காது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஒருமுறை பெரிதாக்கிய காலை மறுபடி எப்படிச் சின்னதாக்குவது? மாட்டிக்கொண்டேன். மாதாமாதம் நெல்மணி ஏறிக்கொண்டே போனது.

அத்தா வருவார் என்று நாங்கள் பார்த்திருந்த பெருநாளுக்கு அவர் வரவில்லை. மங்கலம்பேட்டைக்குத் திரும்பிய ஒருவர் கையில் செருப்பு மட்டும் வந்தது. இரண்டு விரல் பெரியது. அம்மா முன்னால் துணி வைத்து அடைத்துக் கொடுத்தாள். சொன்னால் அத்தாவின் மனசு கஷ்டப்படும் என்று போனில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஆக மொத்தம் நாலு வருஷம் கழித்துத்தான் வந்தார். தம்பி அவரை மாமா என்று கூப்பிட்டுவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டான். அத்தா அவனை வற்புறுத்தவில்லை. என்னை உட்காரவைத்து என் வலது காலைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் புத்தகம் தைக்க உட்கார்ந்தார்கள். இரண்டு நோட்டையும் பிரித்து, அம்மாவின் தாளும் அத்தாவின் தாளும் எதிரெதிராக அடுக்கிக்கொண்டே வந்தார்கள். முதல் இரண்டு வருஷம் கால்கள் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. அதற்கப்புறம் அவருடையவை வளர்ந்தன, அம்மாவுடையவை அந்த அளவுக்கு வளரவில்லை. அத்தா தைக்கிற நூலை எடுத்து ஒன்றை அளந்தார். அதே நூலை மற்றதில் வைத்தார்.

"எனக்கு ஏன் இப்புடி வரைஞ்சி அனுப்புன?"

"அல்லா சத்தியமா நான் உள்ளது உள்ளபடிதான் வரைஞ்சேங்க."

அத்தா நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் என்றேன். அம்மாவை வைகிறார் என்று செய்தேன், சூளையில் சுருங்குமே, அதனால் பெரிதாகப் போட்டேன் என்று அழுதுகொண்டே ஒப்பித்தேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அத்தா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். முகம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அவர் வருவதற்குள் நான் அவருடைய தாள்களைப் புரட்டினேன். நடுவில் டிராவல்ஸ் கடைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. தலைப்பில் நீல விமானம், குறுக்கே பேனாவால் ஒரு கோடு. அந்த விமானத்தைக் கத்தரித்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். சற்றுமுன் வரைக்கும் அழுதவள் நான்தான், வெட்கமே இல்லை. அம்மா சீட்டை வாங்கிப் படித்தாள். திரும்பப் படித்தாள். பிறகு தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே வந்த அத்தாவிடம், "வரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லாம வந்து நிக்கலாம்னு இருந்தேன்" என்றார் அவர்.

இருவரும் எதைப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அடி விழாததே பெரிய விஷயமாக இருந்தது.

கல்யாணமாகி, வசம்பு மாற்றுவதற்காக அந்தப் புத்தகத்தை நான் எடுத்த ஒரு நாளில்தான் சீட்டை முழுதாகப் படித்தேன். துபாயிலிருந்து சென்னை, அத்தாவின் பெயர், தேதி. அதற்கு முந்தைய பக்கத்தில் அம்மா உள்ளது உள்ளபடி வரைந்த கடைசிக் கால். அடுத்த பக்கத்தில் நான் வரைந்த முதல் கால். பிள்ளை தேறவில்லை என்று வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப டிக்கெட் போட்டிருக்கிறார். என் கால் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாப்பா தேறிவிட்டாள், வந்ததுதான் வந்தோம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம் என்று கோடு போட்டுவிட்டார். தம்பி அவரை மாமா என்று கூப்பிட்டது என் கைவேலை. அத்தா கடைசிவரை இதை என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அத்தா வந்த மறுநாள், புத்தகத்தைத் தைத்து முடித்தபோது கடைசியில் ஒரு வெறும் தாள் மிஞ்சியது. "பாப்பா, கால வையி" என்றார். கார்பன் இல்லை. அவரே பென்சிலை எடுத்துச் சுண்டுவிரலில் ஆரம்பித்து மெல்ல மெல்ல வரைந்தார். ஒவ்வொரு விரலிடுக்கிலும் நின்று நின்று போனார். அம்மா என்றால் அரை நிமிஷத்தில் முடித்துவிடுவாள். எனக்குக் கூசியது, தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குதிகாலைச் சுற்றி வருவதற்குள் காலை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

அந்தக் கோடு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.