சோற்றுக்கு நடுவே ஒரு மிடறு

என் அப்பா சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தடை போட்டவன் நான். அந்தத் தடையால் அவர் என் வீட்டில் பல மாதம் அரைப் பட்டினி கிடந்தார். சோறு இருந்தது, குழம்பு இருந்தது, பரிமாற ஆள் இருந்தது. விழுங்குவதற்கு வேண்டிய தண்ணீரை மட்டும் நான் அப்பால் எடுத்து வைத்துவிட்டேன். அறியாமல் செய்த பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நெடுங்காலம் தள்ளிவிட்டேன். அறியாமை பாதிதான். மீதிப் பாதி என்னவென்று எனக்கு அப்போதே தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். அதே தோட்டத்தில்தான் பிறந்தேன். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியால் தேயிலைச் செடியின் தலையைச் சீவி மட்டம் பண்ணுவது அவர் வேலை. சின்ன வயதிலேயே என்னை ஹட்டனில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். ஆசிரியப் பயிற்சியும் முடித்துத் திரும்பியபோது பள்ளிக்கூடத்தை ஒட்டியே ஒரு சிறு வீடு கொடுத்தார்கள். ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் தம் மகளை எனக்குக் கட்டிக்கொடுத்தார். அப்பா வேலையை விட்டபின், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அக்காவோடு அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பாவை வற்புறுத்தி என் வீட்டுக்கு அழைத்து வந்ததும் நான்தான்.

வந்த புதிதில் நன்றாகத்தான் சாப்பிட்டார். பிறகு ஒரு மாற்றம் வந்தது. ஒரு கவளம் சோறு, ஒரு மிடறு தண்ணீர். மறுபடி ஒரு கவளம், ஒரு மிடறு. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, தொண்டையில் சத்தம் வர விழுங்குவார். அதைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, லயத்துப் பழக்கம் என்றுதான் தோன்றியது. மலையில் வேலை செய்கிறவர்கள் பகலில் நின்றபடியே ரொட்டியைக் கடித்து, வெறும் தேத்தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே தள்ளுவார்கள். உட்கார்ந்து மெல்ல அவர்களுக்கு நேரம் ஏது? அந்தப் பழக்கம் வயதான காலத்தில் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தேன். விடுதியில் வளர்ந்த நான் அப்பா மலையில் சாப்பிட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் விருந்துக்கு வந்திருந்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து என் மனைவி பரிமாறினாள். மாமனார் இலையில் பாதி முடிப்பதற்குள் அப்பா இரண்டு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, சோத்துக்குள்ள பீலியத் திருப்பி விட்டுட்டீங்களா?" என்றார் மாமனார்.

மலை ஊற்றிலிருந்து மூங்கில் வழியாக விழும் தண்ணீரைத்தான் எங்கள் பக்கத்தில் பீலி என்போம். அப்பா சிரித்தார். "வயசாச்சுல்லங்க. வண்டி பழசு, எண்ண ஊத்துனாத்தான் ஓடுது."

"ஊத்துங்க, ஊத்துங்க. எங்க கடைத் துணி நனையாம இருந்தாச் சரி" என்றார் மாமனார், தம் மடியில் தெறித்த துளியைத் தட்டிவிட்டபடி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கூசிப்போனேன். மாமனார் கெட்டவர் அல்ல. அந்தப் பேச்சை வண்டி ஏறுமுன்பே மறந்திருப்பார். எனக்குத்தான் மறக்கவில்லை. மறுநாளே தடை போட்டேன்.

அதற்குக் காரணம் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் சுகாதாரப் பாடத்தில் படித்தது நினைவில் இருந்தது: சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் இரைப்பையில் சுரக்கும் சாறு நீர்த்துப்போகும், உணவு செரிக்காது, வயிறு பொய்யாக நிறைந்துவிடும். பொய்யாக நிறைவதை நான் கண்ணாலும் பார்த்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் தேயிலை விலை விழுந்து, தோட்டத்தில் வேலை நாள் குறைந்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பகல் இடைவேளையில் பீலிக்கு ஓடி வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவார்கள். கொஞ்ச நேரம் தெம்பாக இருப்பார்கள். பிறகு பலகையில் தலை சாய்ந்துவிடும். தண்ணீர் வயிற்றை ஏமாற்றும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அப்பா மெலிந்துகொண்டே வந்தார். அதிகம் தண்ணீர் குடிப்பதால்தான் மெலிகிறார் என்று முடிவு கட்டினேன். மெலிவுக்கும் தண்ணீருக்கும் பின்னால் ஒரே காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அப்பா, சாப்பிடும்போது தண்ணி குடிக்கிறது உடம்புக்கு ஆகாது. புஸ்தகத்துல இருக்கு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா தம்பி? சரி."

அவ்வளவுதான். என் மனைவி செம்பைக் கொண்டுவந்தபோது நானே வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன்.

முதல் சில நாள் அவர் மெதுவாக மென்று மென்று சாப்பிட்டார். கண்ணில் நீர் நிற்கும். காரம் அதிகமோ என்று என் மனைவி மிளகாயைக் குறைத்தாள். பிறகு நாலு கவளத்தோடு கையை உதற ஆரம்பித்தார். "போதும் தம்பி, வயிறு நெறைஞ்சிருச்சு." சில சமயம் விரல் செம்பு இருந்த இடத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பும். ஒரு தடவை கேட்டார்: "ஒரு மொடக்கு மட்டும் குடிக்கட்டுமா?" நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "மாமா பாவம்ங்க. கஞ்சியா கரைச்சுக் குடுக்கிறேனே" என்றாள்.

"கஞ்சியும் தண்ணிதானே? வயித்த ஏமாத்துற வேலை அது. பழகட்டும்" என்றேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது அவள் கொஞ்சம் கொடுத்திருப்பாள் என்று இப்போது நம்ப விரும்புகிறேன். அவளிடம் அதை ஒருபோதும் கேட்டதில்லை.

ஒரு நாள் பகல் இடைவேளையில் பிள்ளைகள் பீலிப் பக்கம் கூடி நின்று சிரிப்பது கேட்டது. போய்ப் பார்த்தேன். அப்பா அங்கே குந்தி உட்கார்ந்திருந்தார். இடது கையில் வாழையிலைத் துண்டில் சோறு. ஒரு பிடியை வாயில் போட்டு, விழும் தண்ணீருக்கு நேரே வாயை நீட்டி, கழுத்தைச் சாய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். தாடி, சட்டை எல்லாம் நனைந்திருந்தன. என்னைக் கண்டதும் இலையை மடக்கிப் பின்னால் மறைத்தார்.

"வாத்தியார் அப்பா திருட்டுச் சோறு திங்கிறாரு சார்" என்றான் ஒருவன்.

நான் அந்தப் பையனை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் கத்தினேன். "மானத்த வாங்கத்தான் வந்தீங்களா? சின்னப் பிள்ளையா நீங்க? எத்தனை தடவை சொல்றது?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்து, இலையில் மிச்சமிருந்த சோற்றைக் காக்கைக்குப் போட்டுவிட்டு, கையைக் கழுவினார். அன்று செரிமானத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மறைத்துவைத்த மீதிப் பாதி அங்கே எல்லோர் முன்னாலும் வெளியே வந்துவிட்டது.

மாலையில் அவர் துணியை மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போய்விட்டார். நான் போய்க் கூப்பிட்டேன். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"அப்பாவ நாங்க வச்சுக்கிறோம் தம்பி. ஒங்க வீட்டுச் சட்டமெல்லாம் எங்க காம்பராவுல இல்ல. இங்க எல்லாரும் தண்ணி குடிச்சுத்தான் சோறு திங்கிறோம்."

கொஞ்ச நாளில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். கொழுந்துக் கூடையைக் கூட இறக்கவில்லை. "சோறே எறங்கல தம்பி. தண்ணிகூட நின்னு நின்னுதான் போகுது. டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போ. நான் பேசுனத மனசுல வச்சுக்காத."

ஹட்டனில் ஒரு டாக்டரிடம் பஸ்ஸில் அழைத்துப் போனேன். அவர் சிங்களவர். அப்பாவிடம் தமிழில் பேசினார், என்னிடம் ஆங்கிலத்தில். கழுத்தைத் தடவிப் பார்த்தபின், சாப்பிடும்போது எப்போதிலிருந்து தண்ணீர் தேவைப்படுகிறது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, அது பழைய பழக்கம், மலையில் வேலை செய்த காலத்திலிருந்தே உள்ளது என்றேன்.

"இல்லீங்க" என்றார் அப்பா. "மலையில நான் தின்னு முடிச்சுட்டுத்தான் குடிப்பேனுங்க. போன தீவாளிக்குப் பொறகுதான் இப்படி. சோறு நெஞ்சுல வந்து நிக்கும். தண்ணி ஊத்துனா எறங்கும். நடுவுல தண்ணிய விட்டுட்டேன்."

"ஏன் விட்டீங்க?" என்றார் டாக்டர்.

"தம்பி வேணாம்னுச்சு. படிச்ச புள்ளைங்க, காரணம் இல்லாமலா சொல்லும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுகாதாரப் பாடத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சாப்பாட்டோடு குடிக்கும் தண்ணீர் செரிமானத்தைக் கெடுத்து அவர் ஒரு நோயாளியையும் பார்த்ததில்லையாம். சிலருக்கு வயிறு சீக்கிரம் நிறைந்ததுபோல் இருக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விடும், அவ்வளவுதான் என்றார். உங்கள் தகப்பனாருக்கு உணவுக் குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாமல் போவதுதான் அதன் முதல் அறிகுறி என்றார்.

"அப்போதே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா?" என்று கேட்டேன்.

"தெரியாது. ஒருவேளை மாட்டார்" என்றார். "ஆனால் இத்தனை நாள் பசியோடு இருந்திருக்க வேண்டியதில்லை."

கண்டிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். அப்பா லயத்திலேயே இருக்கிறேன் என்றார்.

பிறகு ஒவ்வொரு மாலையும் பள்ளிக்கூடம் விட்டதும் என் மனைவி காய்ச்சிய ஜவ்வரிசிக் கஞ்சியை எடுத்துக்கொண்டு இறங்குவேன். முதல் நாள் அவர் கால் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அப்பா, நான் சொன்னது தப்பு. தண்ணி குடிக்கிறதால ஒண்ணும் கெட்டுப்போகாதுன்னு டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. எவ்வளவு வேணும்னாலும் குடிங்க. அன்னிக்கு விருந்துல மாமனார் கிண்டல் பண்ணினதுல எனக்கு வெக்கம். அதுக்குத்தான் ஒங்களக் குடிக்க வேணாம்னேன்."

"தப்பு ஒண்ணுமில்ல தம்பி. புஸ்தகத்துல இருந்ததத்தானே சொன்ன" என்றார். நான் வெட்கம் என்று சொன்னது அவர் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்.

கஞ்சியை ஊட்டினேன். ஒரு கரண்டி போனதும் முகம் இறுகியது. பக்கத்தில் தண்ணீர் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பொறகு குடிக்கிறேன்" என்று சொல்லி, நான் பார்க்கப் பார்க்கக் கஷ்டப்பட்டு விழுங்கினார். மறுநாளும் அப்படியே. நான் கெஞ்சக் கெஞ்ச, என் சொல்லை என் கண் முன்னால் மீறக் கூடாது என்று, எனக்காகவே குடிக்காமல் இருப்பவர்போல வாயை இறுக்கிக்கொண்டார். கோபத்தினால் அல்ல. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கோபமாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அக்கா என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். "தம்பி, கோவிச்சுக்காத. கொஞ்சம் வெளியில இரு."

நான் வெளியே வந்து இஸ்தோப்பில், காம்பரா வாசலுக்கு முன்னால் இருந்த கூரைச் சாய்ப்பின் கீழ், சாக்கை விரித்து உட்கார்ந்தேன். உள்ளே அப்பா குடிப்பது கேட்டது. ஒரு மிடறு, நிறுத்தம், இன்னொரு மிடறு. அன்றிலிருந்து அதுவே என் இடமாயிற்று. கஞ்சியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். பக்கத்துக் காம்பராப் பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்போது, "வாத்தியாரு அப்பாவுக்கு எப்படிக் காவல் இருக்காரு பாரு. அந்தாளு குடுத்து வச்சவரு" என்று பேசிக்கொண்டு போவார்கள். நடந்ததை ஒருத்தியிடம் சொன்னேன். "அட, சும்மா இருங்க சார், பெத்த மகன் அப்படிச் செய்வானா?" என்று போய்விட்டாள். நான் மேலும் வற்புறுத்தவில்லை.

பனிக்காலத்தில் அவர் போனார். கடைசி மணி நேரத்தில் லயத்துப் பெரியவர்கள் வந்து, மகன்தான் வாயில் பால் விட வேண்டும், உள்ளே வரச் சொல்லுங்கள் என்றார்கள். நான் எழுந்து வாசல் வரைக்கும் போனேன். அக்கா பால் கிண்ணத்தோடு திரும்பினாள். சத்தம் போடாமல், என்னிடம் மட்டும் சொன்னாள்:

"நீ வந்தா வாயத் தொறக்க மாட்டாரு தம்பி."

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அக்காவே விடட்டும் என்று சொல்லிவிட்டு இஸ்தோப்புக்குத் திரும்பினேன். அவள் விட்ட பாலை அப்பா விழுங்கினார் என்று காரியமெல்லாம் முடிந்தபிறகு சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகவேதான் சொன்னாள்.