மூன்றாவது முறை கேட்பார்கள் என்று

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒஸ்லோவுக்குப் படிக்கப் போனேன். நகரத்தின் வடகோடியில் மாணவர் விடுதி. ஒரு தளத்தில் ஏழு அறைகள், ஏழு பேருக்கும் ஒரே சமையலறை. மற்ற ஆறு பேரும் நார்வேக்காரர்கள். நானோ பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஆள். ஒரே மாதத்தில் அத்தனை பேரையும் நண்பர்களாக்கிவிடுவேன் என்று நினைத்திருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமையே பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டினான். வடக்கே ஒரு மீன்பிடி ஊர்க்காரன், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். எல்லோருமாக டாக்கோ செய்கிறோம், சாப்பிட வருகிறாயா என்று கேட்டான். அங்கே வெள்ளிக்கிழமை என்றால் வீட்டுக்கு வீடு டாக்கோதான், சோள அப்பத்தில் இறைச்சியும் காய்கறியும் வைத்து மடித்துத் தின்பது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஐயோ வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். நம் ஊரில் முதல் ‘வேண்டாம்’ வெறும் மரியாதை. இரண்டாவது முறை கேட்டால் ‘பரவாயில்லை’ என்று இழுக்க வேண்டும். மூன்றாவது முறை கையைப் பிடித்துக் கூப்பிடுவார்கள், போய் உட்காரலாம். இவன் ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். சுவருக்கு அப்பால் சிரிப்புச் சத்தம் கேட்க, நான் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

பிறகு வாஃபிள், சினிமா, ஏரியைச் சுற்றி நடை. எல்லாவற்றுக்கும் ஒருமுறை கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் ஒருமுறை மறுத்தேன். பனி விழத் தொடங்கியதும் மலைக்குடிலுக்குப் போகிறோம், வருகிறாயா என்றான் பக்கத்து அறைக்காரன். அதற்கும் அதே பல்லவி. சனிக்கிழமை காலை ஆறு பேரும் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். யாராவது திரும்பி வந்து கூப்பிடுவார்கள் என்று ஜன்னலிலேயே நின்றேன். ஜன்னலில் தெரிந்த ரயில் நிலையம் வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவு கட்டினேன்.

அதன்பின் கேட்பதும் நின்றுபோயிற்று. ஆறு பேருக்கு நடுவில் அப்படித் தனியாக இருந்தது எனக்குத் தாங்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

என் வகுப்பில் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில் பிறந்து வளர்ந்தவள். அவளிடம் புலம்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அண்ணா, இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம். நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னா, அது வேண்டாம்தான்.”

சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்தபடி மறுத்து மறுத்து, தோழிகளின் பிறந்தநாளில் கேக் தின்னாமலே வீடு திரும்பியவளாம் அவள். இனி என்ன செய்வது என்று கேட்டேன்.

“இனி அவையள் கேக்க மாட்டினம். நீங்கள்தான் போய்க் கேக்கவேணும்.”

நானாகப் போய்ச் சோறு கேட்பதா? மானம் போகிற வேலை. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை சமையலறை வாசலில் நின்று, நானும் சாப்பிடலாமா என்று கேட்டேவிட்டேன். ஆறு தலைகளும் நிமிர்ந்தன. பக்கத்து அறைக்காரன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அன்று வயிறு முட்ட டாக்கோ தின்றேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடிலுக்கும் போனேன், இந்த முறை நானே கேட்டு. பனிச்சறுக்கில் நான் போன தூரத்தைவிட விழுந்த தூரம் அதிகம். வெயிலில் பனிமேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த நாட்டில் அதுவரை இருந்ததில்லை. சாயங்காலம் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, எங்கள் ஊரின் மூன்று முறை வழக்கத்தை நடித்தே காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து அறைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை.

“எங்களை உனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தோம்” என்றான். “உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாதே என்று, உன் அறையைத் தாண்டும்போதெல்லாம் நுனிக்காலில் நடந்தோம்.”

யாராவது கதவைத் தட்ட மாட்டார்களா என்று காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்து நான் உட்கார்ந்திருந்த மாலைகளில், வெளியே ஆறு பேரும் சத்தமே வராமல் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.