நாடாவுக்கு ஒரு வெண்பா

பெங்களூரில் நான் வேலை பார்த்த துணி மில்லில் தறிகள் ஓடத் தொடங்கினால், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். ஐம்பதுகளின் தொடக்கம் அது. என் பக்கத்துத் தறிக்காரன், மர்பி டவுனில் எனக்கு அடுத்த வீட்டுக்காரனும்கூட, அந்த இரைச்சலுக்குள்ளேயே ஒரு பாட்டுக் கட்டினான்.

தறி அடிப்பதுதான் தாளம். நூலை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடும் நாடாவைப் பற்றிய பாட்டு. ஒவ்வோர் அடியின் முடிவிலும் "போய்வா நாடா, போய்வா" என்று வரும். மோனையைக்கூட எங்கள் கண்ணுக்காகவே வைத்தான். எதிர் வரிசைக்காரனுக்கும் தெரியட்டும் என்று, உதடு ஒட்டிப் பிரியும் ப, ம எழுத்துகளிலேயே அடிகளைத் தொடங்கினான். 'போய்வா' வரும்போது எல்லோரும் சேர்ந்து வாயசைப்போம். குரல் விட்டுப் பாடினோமா என்று கேட்டால், யாருக்குத் தெரியும்?

பொங்கலுக்கு எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தில் கவியரங்கம். அந்தப் பாட்டை மேடையில் சொல்லி நாங்கள் காதால் கேட்க வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. தலைமை தாங்கவிருந்த புலவரிடம் முன்கூட்டியே காட்டப் போனான், நானும் கூடப் போனேன். புலவர் நல்ல மனிதர்தான். இருந்தும் அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"சொன்னதையே திருப்பிச் சொல்றது குற்றம், தம்பி. எதுகையும் சரியில்ல. வெண்பாவா ஆக்கிடலாம், நானே பாத்துத் தரேன்" என்றார்.

ஆக்கித் தந்தார். தளை தட்டாத வெண்பாக்கள். ஒரு 'போய்வா'கூட மிஞ்சவில்லை.

விழாவன்று ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அவன் சலவைச் சட்டையில் நின்று நிறுத்தி நிதானமாகப் படித்தான். முன்வரிசை கைதட்டியது. புலவர் துண்டு போர்த்தினார். மாற்றியது தெரியாத எங்கள் ஆட்கள் வாயைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு நடக்கும்போது எங்களில் ஒருவன் வெள்ளந்தியாகக் கேட்டான்.

"இன்னாப்பா, புலவர் பாட்டப் படிச்சிட்டு எறங்கிட்ட? நம்ம மிஷின் பாட்ட எப்பப் படிப்ப?"

"அதான்பா இது" என்றான் அவன்.

நன்றாயிருந்தது என்று ஒருவராவது பொய்க்காவது சொல்லியிருக்கலாம். இன்னொரு பாட்டாவது கட்டியிருப்பான்.