மண்கரையில் கட்டிய துணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. துணியில் கறை தேடித் தேடி, யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படும் புத்தி வந்துவிட்டது என்று அக்கா திட்டுவாள். அவள் வீடு குடிநீர் அணையின் மண்கரைக்கு நேர் கீழே. நான் முதல் செல்போன் வாங்கிய வருஷத்து மழையில், அந்தக் கரையின் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது.

அணை வாட்ச்மேனிடம் போய்க் கேட்டேன்.

"மண்கரைன்னா கசியத்தானுங்க செய்யும். தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்லீங்க. மண்ணைக் கரைச்சுக்கிட்டு வந்தாத்தான் ஆபத்துங்க" என்றார்.

"அப்ப ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வெச்சுப் பார்க்கலாமுங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "உங்க இஷ்டமுங்க."

பனியன் கழுத்துக்கு வைக்கிற வெள்ளை ரிப் துணி ஒரு துண்டு என் பையில் இருந்தது. கசிவின் வாயில் குச்சி நட்டு, அதைக் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது அவரே அவிழ்த்து நீட்டினார். "பாருங்க கண்ணு, மல்லிப்பூவாட்ட இருக்குது. இப்பவாச்சும் நம்புங்க."

உண்மையிலேயே ஒரு பொட்டு மண் இல்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. ஈரத்தைப் பிழிந்து, கைப்பழக்கத்தில் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். ரிப் துணி ரப்பர் மாதிரி விரியும். இது விரியவில்லை.

அன்றே அக்காவையும் பிள்ளைகளையும் திருப்பூர் ராயபுரத்தில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அவள் அக்கம்பக்கத்தாரிடமும் சொன்னேன், சிரித்தார்கள்.

அணை உடையவில்லை; இன்றும் நிற்கிறது. நான் அநாவசியமாகப் பயந்ததாகத்தான் அக்கா இப்போதும் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் கட்டிய துணி, அவிழ்த்தபோது என்ன நிறத்தில் இருந்தது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.