லூசியனுக்குத் தூக்கம் வந்த விதம்

லூசியனுக்குத் தூக்கம் வராததற்கு மருத்துவர்கள் சர்க்கரை நோயைக் காரணம் சொன்னார்கள். உள்ளங்கால் எரிச்சல் உண்மைதான். ஆனால் அந்த ஓய்வுபெற்ற சொல்தாவின், அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயின், வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரியது. அதற்குப் பெயர் அலெக்சி.

1958இல், பிரெஞ்சுப் படையில், அல்ஜீரியாவில் இருவரும் சேர்ந்து காவலுக்கு நின்றார்கள். தூங்கியது அலெக்சி. அதிகாரி வந்ததும் முந்திக்கொண்டு, லூசியன்தான் தூங்கினான் என்று சரளமான பிரெஞ்சில் அளந்துவிட்டார். லூசியனுக்கு அப்போது பிரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வரும். அவர் வாய் திறப்பதற்குள் சட்டைக்கையில் இருந்த பதவிப் பட்டை பறிபோனது. நாற்பத்தாறு வருடமாகப் புதுச்சேரியில் அவர் 'தூங்குமூஞ்சி சொல்தா'. கண் அயர்ந்தால் அந்தப் பெயரை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று உடம்பு விறைத்துக்கொள்ளும். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு ஊர்வலத்தில் கொடி பிடிப்பதோ அலெக்சி. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

2004இல், நோயோடு தூக்கமும் கெட்ட பழைய சொல்தாக்களுக்காகப் புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் காலை வகுப்பு ஒன்று தொடங்கியது. பாயில் மல்லாந்து படுத்து, கால் விரலிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்த வேண்டும். சொல்லித்தந்த சுமலதா, மனதில் பிடித்து வைத்திருப்பதை மூச்சோடு விட்டுவிடச் சொன்னாள். லூசியன் விடுவதாக இல்லை. அவள் முழங்காலுக்கு வருவதற்குள் பக்கத்துப் பாயில் அலெக்சி குறட்டை விடத் தொடங்கிவிடுவார். ஐந்து வாரம் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவருக்கு ஆறாவது வாரம் சட்டென்று ஒன்று உறைத்தது.

எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "கார்தா வூ!"

விறைப்பாக நிற்கச் சொல்லும் அந்த உத்தரவு எந்த வயதிலும் சொல்தாவின் உடம்பை விடாது. வகுப்பில் இருந்த மற்ற ஒன்பது கிழவர்களும் சுவரைப் பிடித்து, முட்டியைப் பிடித்து எழுந்து, கைலியோடு விறைத்து நின்றார்கள். அலெக்சி மட்டும் எழவில்லை. நாலு வீடு தள்ளிப் பேசும் வம்பெல்லாம் கேட்கிற காதுதான் அது; ஆனால் குறட்டை நிற்கவில்லை.

லூசியன் அவரைக் கால் கட்டைவிரலால் நெம்பி எழுப்பினார். "இவங்க முன்னாடி சொல்லு. அன்னைக்குக் காவல்ல தூங்கினது யாரு?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு அலெக்சி தலை குனிந்தார். "நான்தான்."

சுமலதா பதறிப்போய், இத்தனை வயதுக்கு மேல் மன்னித்து விட்டுவிடக் கூடாதா என்று கேட்டாள்.

"மன்னிக்கவெல்லாம் மாட்டேம்மா. ஜூலைக்குக் கொடி என் கையில வரணும்."

சொல்லிவிட்டு லூசியன் பாயில் சாய்ந்தார். அவள் மறுபடி கால் விரலிலிருந்து ஆரம்பித்தாள். கணுக்காலைச் சொல்வதற்குள் லூசியனின் குறட்டை கேட்டது. பக்கத்துப் பாயில் அலெக்சி மின்விசிறியைப் பார்த்தபடி விழித்திருந்தார்.