அருமனைச் சரிவில் ஐந்து ஜோடிச் சக்கரங்கள்

காலை 6.25. நாகர்கோவில் சந்திப்பில் பாசஞ்சர் ஏறினேன். குழித்துறைக்குப் பத்து ரூபாய். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு சோப்பு. இருபது வருடமாக இதற்கு மேல் நான் சுமந்ததில்லை. பாரம் கூடினால் எதையாவது யாரிடமாவது கொடுத்துவிடுவேன்.

மின்சார இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் இரணியலையும் பள்ளியாடியையும் தாண்டியது. நான் பார்க்கப் போனது நீராவி இன்ஜின். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் கட்டிய 82 என்ற வகை. அதையே எட்டில் ஒரு பங்கு அளவில் செய்து முடித்துவிட்டதாகத் தங்கமணி போனில் சொல்லியிருந்தான். “நீ அசலைத் தொட்டவன். ஒருக்கா வா மக்கா” என்றான்.

தங்கமணியும் நானும் வளைகுடாவில் நான்கு வருடம் ஒரே கேம்ப்பில் கிடந்தவர்கள். அவன் கொதிகலன் வெல்டர், நான் எடுபிடி. அதன் பிறகு நான் சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்குப் போனேன். கால் உடைந்தது. ஹாம்பர்க்கில் இறக்கிவிட்டார்கள். எலும்பு கூடும்வரை ஒரு ரயில் காட்சிசாலை ஷெட்டில் சாம்பல் அள்ளினேன். சம்பளம் கிடையாது. சாப்பாடும், பழைய ரயில் பெட்டியில் படுக்கையும் உண்டு. குளிருக்கு நிலக்கரிச் சாக்கு. அந்த ஷெட்டில் ஓடாமல் நின்ற ஒரு 82-ஐப் படம் எடுத்துத் தங்கமணிக்கு அனுப்பினேன். எல்லாம் அதிலிருந்து தொடங்கியது.

காலை 8.00. குழித்துறையிலிருந்து அருமனைக்குப் பத்து கிலோமீட்டர். பஸ் போய்விட்டதால் ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய்.

“ரயில் விடுத அண்ணனுக்க வீடுதானே? இன்னைக்குப் பரீட்சையாக்கும்” என்றார் ஓட்டுநர்.

“தோற்றால்?”

“அவருக்க தங்கச்சி தண்டவாளத்தைப் பிடுங்கிட்டு மரச்சீனி நடும். அதுவும் நல்லதுதான், கேட்டியளா. ரயிலைத் திங்க முடியாதுல்லா.” மரவள்ளிக்கு இங்கே மரச்சீனி என்று பேர்.

காலை 9.15. ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தன. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்குள் ஒரு ஆள் நீளத்தில் கறுப்பாக நின்றது இன்ஜின். தங்கமணி அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஒரு ரிவெட் ஆணி காட்டு பாப்போம்” என்றான். “கொதிகலன், சட்டம், எல்லாம் வெல்டிங். இடிஞ்சு கெடந்த நாட்டுக்காரன் ஒட்டி ஒட்டியே உண்டாக்குனது. பொறவு எனக்குப் பிடிக்காம இருக்குமா?”

இந்த வகைக்குப் பின்னால் தனி நிலக்கரி வண்டி கிடையாது. தண்ணீர்த் தொட்டிகள் கொதிகலனின் இரு பக்கமும், நிலக்கரிப் பெட்டி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலும் இருக்கும். ஆகவே திருப்ப வேண்டியதில்லை. முன்னும் பின்னும் ஒரே வேகம், அசலில் மணிக்கு எழுபது கிலோமீட்டர். ஐந்து அச்சு, ஐந்தும் இழுக்கும். சும்மா உருள்வதற்கென்று ஒரு சக்கரம்கூட இல்லை. இவ்வளவு நீள வண்டி வளைவில் முறுக்கிக்கொள்ளாமலிருக்க, முதல் இரண்டு அச்சை ஒரு நெம்புகோலாலும் கடைசி இரண்டு அச்சை இன்னொன்றாலும் பிணைத்திருப்பார்கள். ஜோடியில் ஒன்று இடப்பக்கம் ஒதுங்கினால் மற்றது வலப்பக்கம் ஒதுங்கும். தங்கமணி அதையும் விடவில்லை. அந்த நெம்புகோல்களுக்கு மட்டும் எட்டு மாதம் ஆனதாம்.

அவன் தங்கை ராஜம் ரப்பர்ப் பால் கேன்களோடு வந்தாள். நிலம் அவளுடையது. மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பதும் அவள்தான். ஆறு கேன், ஒவ்வொன்றும் இருபது லிட்டர். தினமும் தலையில் வைத்து ரோட்டுக்கு நூற்றிருபது மீட்டர் ஏற்றம். அந்த வழியில்தான் தங்கமணி தண்டவாளம் போட்டிருந்தான்.

“எனக்க முட்டு தேஞ்சு போச்சு அண்ணே” என்றாள் என்னிடம். “இது ஆறு கேனையும் ஒரே நடையில ரோட்டுல கொண்டு எத்திச்சா தண்டவாளம் கெடக்கட்டும். வெறும் வெளையாட்டுக்குன்னா எனக்கு மரச்சீனி போரும். நாளைக்குக் கம்பு நட ஆளு வருது.”

காலை 10.10. தேங்காய்ச் சிரட்டைத் தீயில் ஆவி ஏறியது. தங்கமணி இன்ஜினுக்குப் பக்கமாகக் குனிந்து நடந்தபடி ஓட்டினான். பின்னால் கோத்த சிறு வண்டியில் ஆறு கேன். முதல் அறுபது மீட்டர் அழகாகப் போயிற்று. வளைவுக்குள் அச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி வழிவிட்டதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. புகைபோக்கி படபடவென்று அடித்தது. வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை.

“பாரம் கூடிப்போச்சு” என்று தங்கமணி தொட்டியின் குழாயைத் திறந்தான். தண்ணீர் மண்ணில் ஓடியது. பாதித் தொட்டிதான் நிரப்பியிருந்தான். இப்போது அதிலும் பாதி போயிற்று. மறுபடி முயன்றபோது வண்டி பின்னோக்கியே வழுக்கியது. ராஜம் கட்டையைப் போட்டு நிறுத்தினாள். கேலி செய்வாள் என்று பார்த்தேன். முழங்காலைத்தான் தடவினாள்.

ஹாம்பர்க் ஷெட்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வேறொரு தொட்டி இன்ஜின் எனக்கு நினைவு வந்தது. ஏற்றத்துக்கு முந்தைய நிலையத்தில் கிழட்டு ஓட்டுநர் தொட்டியை விளிம்புவரை நிரப்புவார். மேடு ஏறப்போகிறவன் இப்படிச் சுமை ஏற்றுகிறானே, கிறுக்கன் என்று நினைத்திருக்கிறேன்.

“தொட்டியை நிறை” என்றேன்.

ராஜம் சிரித்துவிட்டாள். “கேனோட ரெண்டு கல்லும் சேத்துத் தலையில வச்சா நான் வெரசா ஏறுவேனா அண்ணே?”

“நீ விரலை மண்ணில் ஊன்றி ஏறுகிறாய். இதற்கு விரல் இல்லை. தண்டவாளத்தை அமுக்கினால்தான் பிடி. அசலில் தண்ணீரும் கரியும் சேர்ந்து பதினைந்து டன், அத்தனையும் சக்கரத்தின்மேல்.”

தங்கமணி தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். “படத்துல இருந்ததுனால வச்சேன்” என்றான் மெதுவாக. “வெள்ளத்துக்குன்னு மட்டும்தான் நெனச்சேன்.” இந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றே பேர்.

சிரட்டைக்கு நிலக்கரியின் கனம் கிடையாது. பின்பெட்டியின் அடியில் உருளைக்கல் பரப்பி மேலே சிரட்டை போட்டோம். ராஜம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு தொட்டியும் வழியும்வரை ஊற்றினாள். பிறகு யாரும் சொல்லாமலே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் கிடந்த இலைகளைப் பெருக்கியபடி முன்னால் நடந்தாள்.

காலை 11.05. அதே இடத்தில் சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. தங்கமணி ஆவியைக் குறைத்தான். பிடித்துக்கொண்டது. நடக்கிற வேகம்கூட இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முழம். ரோட்டில் நின்றபோது கேன்களில் பால் ததும்பவில்லை.

ராஜம் ஆறையும் மூடி திறந்து பார்த்தாள். “இனி நாளைக்கும் ஏறணும்” என்றாள். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசினாள்: “மரச்சீனிக் கம்பு இப்பம் வேண்டாம்.”

தங்கமணி இன்ஜினைத் திருப்பாமல் அப்படியே பின்னோக்கிக் கீழே இறக்கிப்போனான். தொட்டியை மட்டும் காலி செய்யவில்லை.

பிற்பகல் 3.30. அருமனையிலிருந்து பஸ், பன்னிரண்டு ரூபாய். புறப்படும்போது ராஜம் மூன்று கிலோ மரச்சீனிக் கிழங்கை என் பையில் திணித்தாள். வழக்கமாக வேண்டாம் என்பேன். அல்லது வாங்கி அடுத்த நிறுத்தத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவேன். அவிக்க எனக்கு அடுப்பு கிடையாது.

பக்கத்து இருக்கைக்காரர் பையைப் பார்த்தார். “மேல வைக்கணுமா? கனமா இருக்கும்போல.”

“இருக்கட்டும்” என்றேன். குழித்துறை வரைக்கும் அது என் மடியிலேயே இருந்தது. வழியில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு என்ன விலை இருக்கும் என்று அவரிடம் விசாரித்தேன்.